மகளுக்கும் அப்பாவைப் போலவே தடித்த உள்ளங்கை: யாருக்காவது அனுபவம் உண்டா?

செம்பனை ஓரம் (சுங்கை சிப்புட்) எழுதியது:

வணக்கம். இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மாமனார் காலத்தில் ரப்பர், இப்போது எல்லாம் செம்பனை. என் மகளுக்கு வருகிற மார்ச்சில் 12 வயது ஆகிறது. பிறந்து ஐந்தாறு மாதம் இருக்கும்போதே அவளுடைய உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிக்க ஆரம்பித்துவிட்டன. இப்போது தொட்டுப் பார்த்தால் பழைய மெழுகு மாதிரி இருக்கும், மஞ்சள் நிறம், அழுத்தினால் உள்ளே போகாது. அந்தத் தடிப்பு மணிக்கட்டுக்கு வந்ததும் கோடு கிழித்த மாதிரி நின்றுவிடும். அந்த ஓரத்தில் மட்டும் சுற்றிலும் ஒரு சிவப்பு. அதற்கு மேலே கை முழுக்க எல்லாரையும் போலத்தான்.

என் வீட்டுக்காரருக்கும் இப்படியே இருக்கிறது. மாமனாருக்கும் இருந்தது. அவர் முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதனால் தோட்டத்தில் எல்லாரும் "கத்தி பிடித்த கை, காய்த்துப்போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். வீட்டுக்காரர் குலை வெட்டுகிறார், அவருக்கும் அதே பேச்சு. நானும் கல்யாணமாகி வந்து பல வருஷம் அப்படித்தான் நம்பினேன். ஆனால் என் மகள் எந்தக் கத்தியைப் பிடித்தாள்? தொட்டிலில் கிடந்த பிள்ளைக்குக் கை எப்படிக் காய்க்கும்?

ஒரு தனியார் கிளினிக்கில் கரப்பான் என்று சொல்லி இரண்டு வருஷம் ஏதேதோ களிம்பு கொடுத்தார்கள், ஒன்றும் குறையவில்லை. வெயில் காலத்தில் குதிகால் வெடித்து ரத்தம் வரும், அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்பாதத்தை மட்டும் ஊன்றி நடந்து போவாள். இந்த வருஷம் பொங்கல் விழாவுக்குக் கோலாட்டம் பழகினார்கள். ஜோடியாக நின்ற பிள்ளையின் அம்மா, கை பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி அந்தப் பிள்ளையை வேறு ஜோடிக்கு மாற்றச் சொல்லிவிட்டார். என் மகள் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு கோலையும் துணிப்பையில் போட்டு அலமாரி மேலே வைத்துவிட்டாள். எனக்கு மற்ற பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும்.

12 வயதில் மைகார்ட் (மலேசிய அடையாள அட்டை) எடுக்கப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். அவள் விரலில் ரேகையே தெரியவில்லை. இது என்ன நோய்? குணமாகுமா? ஒட்டுமா? நாளைக்கு அவளுக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வருமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


பால்மரத்துப் பேரன் (தெலுக் இந்தான்):

அக்கா, உங்கள் மாமனார் கையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு என் தாத்தா கைதான் கண்ணில் வந்தது. எங்கள் குடும்பத்திலும் இதே கதை, தாத்தாவுக்கு, இரண்டு அத்தைகளுக்கு, எனக்கு. அப்பாவுக்கு இல்லாத மாதிரிதான் சொல்வார்கள், ஆனால் அவர் குதிகாலைப் பார்த்தால் லேசாக இருக்கிறது.

முதலில் அந்த ஒட்டும் பேச்சு. இது ஒட்டவே ஒட்டாது. நாற்பது வருஷம் ஒரே பாயில் படுத்த பாட்டிக்கு வரவில்லை.

ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தாத்தா சொல்வார், அவர் இளவட்டமாக இருந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர், தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயத்துக்கு வந்தால் இவர் கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு பின்பக்கமாகப் போய்விடுவாராம். பெருநோய் என்று எழுதிவிட்டால் சுங்கை பூலோவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். 1930-இல் அங்கே தொழுநோயாளிகளுக்குத் தனிக் குடியிருப்பு திறந்தார்கள், அந்தக் காலத்தில் போனால் குடும்பத்தோடு சேர்ந்து இருக்க முடியாது. அதனால் இந்தக் கையை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே ஒளிந்து வாழ்ந்தது. காய்ப்பு என்று சொல்வதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது அக்கா, அதனால்தான் அந்தப் பேச்சு இவ்வளவு நாள் நிலைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

தொழுநோயில் தோலில் தேமல் மாதிரி வரும் இடத்தில் உணர்ச்சி போய்விடும். நம் கையில் உணர்ச்சி போவதில்லை, வெடிப்பில் எலுமிச்சை பட்டால் உயிரே போகும். இரண்டும் வேறு.

ரேகை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு ஆலையில் விரல் வைத்துத்தான் நேரம் பதிய வேண்டும். மெஷின் என் விரலை எடுக்காது. வேலைக்கு வந்தும் வராத மாதிரி பதிவாகி இரண்டு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். கடைசியில் டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் கார்டு கொடுத்தார்கள். அதனால் உங்கள் மகளுக்கு இப்போதே ஒரு கடிதம் வாங்கி வையுங்கள், மைகார்ட் எடுக்கப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் பெருவிரலைத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகத் தேய்த்துக் கிரீம் போட்டு வந்தால் ரேகை கொஞ்சம் மேலே வரும். எனக்கு அப்படித்தான் கடைசியில் விழுந்தது.


கம்போங் கடை (பீடோர்):

என் பாட்டி இதற்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போடுவார். தடித்த இடத்தைச் சவரக்கத்தியால் சீவிவிட்டுப் போட்டால் சீக்கிரம் இறங்கும். முயற்சி செய்து பாருங்கள் சகோதரி.


ஈப்போ தாதி:

சகோதரி, நான் இருபது வருஷமாகத் தாதியாக வேலை பார்க்கிறேன், அதில் சில வருஷம் தோல் கிளினிக்கில். டாக்டர் இல்லை, பார்க்காமல் இன்னதுதான் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துச் சிலது சொல்ல முடியும்.

முதலில் கடைக்கார அண்ணனுக்கு. நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் வீட்டில் சவரக்கத்தி வேண்டாம். பிள்ளைக்குத் தோல் எவ்வளவு ஆழம் வரை தடித்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது, கொஞ்சம் ஆழமாகப் போனால் சீழ் வைத்துவிடும். அப்படி வந்த கால்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

பிறந்து சில மாதத்திலேயே ஆரம்பித்து, கையும் காலும் முழுக்கப் பரவி, ஓரத்தில் சிவப்புக் கோட்டோடு நின்று, அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இருந்து வருவது என்றால் பரம்பரையாக வருகிற கெரட்டோடெர்மா என்ற தோல் தடிப்பு வகையைத்தான் முதலில் யோசிப்பார்கள். அதில் பல இனங்கள் உண்டு. அதிகம் பார்க்கப்படுவது கெரட்டின் 9 என்ற புரதத்தின் மரபணுவில் பிழை வருவதால் ஏற்படுவது. நம் தோல் செல்லுக்குள் கெரட்டின் என்பது அத்தாப்புக் கூரைக்கு அடியில் இருக்கிற மூங்கில் சட்டம் மாதிரி. அது சரியாக இல்லையென்றால் அழுத்தம் விழும்போது செல் உடையும், உடைகிற இடத்தைக் காக்க உடம்பு மேலே மேலே தோலை அடுக்கிக்கொண்டே போகும். கெரட்டின் 9 அநேகமாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும்தான் உண்டாகிறது. அதனால்தான் தடிப்பு மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது. உங்கள் மாமனார் கத்தி பிடித்ததால் அது வரவில்லை. இருந்த தடிப்பைக் கத்தி இன்னும் மோசமாக்கியிருக்கும், அவ்வளவுதான்.

இதை வேரோடு குணமாக்க மருந்து இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் குணமாக்குகிறேன் என்று காசு வாங்குகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும். அடக்கி வைக்க முடியும், நன்றாகவே முடியும். தினமும் ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து இருபது நிமிஷம் கையும் காலும் ஊற வேண்டும். ஊறியதும் தோல் வெள்ளையாகி மெதுவாகும், அப்போது பாதம் தேய்க்கிற கல்லால் ஒரே பக்கமாகத் தேயுங்கள், வலிக்கும் முன்பே நிறுத்திவிடுங்கள். துடைத்த உடனே, ஈரம் முழுக்கக் காயும் முன், யூரியா கலந்த கிரீம். சும்மா ஈரப்பதத்துக்கு 10 சதவீதம் போதும், தடிப்பை இளக்க 20 முதல் 40 வரை கொடுப்பார்கள். வெடிப்பு திறந்திருக்கிற இடத்தில் யூரியா போட்டால் எரியும், அங்கே வெறும் வாசலின் போட்டுப் பருத்திக் காலுறை மாட்டித் தூங்க வையுங்கள். சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பும் உண்டு, ஆனால் பிள்ளைகளுக்கு அதிக இடத்தில் பூசினால் ரத்தத்தில் கலந்துவிடும், அதை டாக்டர் சொன்ன அளவில்தான்.

இன்னொரு விஷயத்தை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கால்களில் வியர்வை அதிகம், தோல் ஊறி ஊறிப் பூஞ்சை சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். உங்கள் வீட்டுக்காரர் நாள் முழுக்க ரப்பர் பூட்ஸில் நிற்கிறவர், அவர் கால் விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறியிருக்கிறதா, நமைச்சல் உண்டா, வாடை வருகிறதா என்று பாருங்கள். பூஞ்சைக்கு மருந்து போட்டாலே பாதி வேதனை குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மகளுக்கும் பள்ளிக்கு ஒரு ஜோடிக் காலுறை கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள், ஓய்வு நேரத்தில் மாற்றிக்கொள்ளட்டும்.

இப்போது நான் சில கேள்வி கேட்கிறேன், இவைதான் டாக்டரும் கேட்பார். பிள்ளைக்குப் பல் எப்படி, ஈறு வீங்குகிறதா, பால்பல் காலத்துக்கு முன்பே ஆடி விழுந்ததா? காது நன்றாகக் கேட்கிறதா? முடி கம்பளி மாதிரிச் சுருண்டிருக்கிறதா? குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று மயங்கி விழுந்து போய்ச் சேர்ந்தார்களா? பயமுறுத்தக் கேட்கவில்லை. தோல் தடிப்போடு பல்லோ காதோ இதயமோ சேர்ந்து பாதிக்கிற அபூர்வ இனங்களும் உண்டு, அதனால்தான் சரியான பெயர் தெரிய வேண்டும் என்கிறேன்.

அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பார்த்து, தோல் நிபுணருக்கு சூராட் (பரிந்துரைக் கடிதம்) கேளுங்கள். குடிமக்களுக்கு நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிதான். போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரே அறையில் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது எத்தனையோ பரிசோதனைக்குச் சமம்.


கிந்தா வாத்தியார்:

தாதி அம்மா சொன்னது அத்தனையும் சரி. நான் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லித்தருகிறேன், பரம்பரை பற்றிய பகுதியை மட்டும் கொஞ்சம் விரிக்கிறேன்.

இதைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஜெர்மனியின் தோஸ்ட், 1880-இல். 1883-இல் உன்னா எழுதினார். 1901-இல் வோர்னர் என்பவர் இன்னொரு குடும்பத்தைப் பார்த்து, நுண்ணோக்கியில் செல்கள் உடைந்திருப்பதைக் கண்டு, இது வேறு இனம் என்றார். சுமார் தொண்ணூறு வருஷம் இரண்டையும் தனித்தனி நோய் என்றே புத்தகங்களில் படித்தார்கள். பிறகு அந்தத் தோஸ்ட் பார்த்த குடும்பத்தின் வாரிசுகளைத் தேடிப்பிடித்துத் தோலைச் சோதித்தபோது அவர்களுக்கும் வோர்னர் சொன்னதேதான் இருந்தது. 1994-இல் 17-ஆம் குரோமோசோமில் கெரட்டின் 9 மரபணுவில் பிழையைக் கண்டுபிடித்தார்கள். கண்ணால் பார்த்துப் பெயர் வைப்பதில் நிபுணர்களே தடுமாறியிருக்கிறார்கள், தனியார் கிளினிக்கில் கரப்பான் என்று சொன்னதில் ஆச்சரியம் இல்லை.

இந்த இனம் என்றால் பிழையுள்ள மரபணுவின் ஒரே ஒரு பிரதி போதும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆணா பெண்ணா என்ற வித்தியாசம் இல்லை. மூன்று தலைமுறை விடாமல் வருவது இதன் அடையாளம். ஒரு பிள்ளைக்கு வராவிட்டால் அந்தப் பிள்ளையின் வம்சத்தில் பொதுவாக இது நின்றுவிடும்.

இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் வெளியே தெரிகிற இனங்களும் உண்டு, நம் குடும்பங்கள் அதைத் தெரிந்துகொள்வது முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. குரோயேஷியாவில் மிலியெட் என்று ஒரு தீவு, இத்தாலிய மொழியில் அதன் பெயர் மெலேடா. அங்கே இப்படிப்பட்ட கைகள் இருப்பதை 1826-இல் ஸ்டுல்லி என்ற மருத்துவர் எழுதினார், அந்த இனத்துக்கு இன்றுவரை தீவின் பெயர்தான். சின்னத் தீவு, உறவுக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள். தாய் தகப்பன் இருவர் கையும் சுத்தமாக இருக்கும், பிள்ளைகளில் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் வந்துவிடும். பல்லைப் பாதிக்கிற இனமும், 1924-இல் பாப்பியோன், லெஃபேவ்ர் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்தது, இதே வழியில்தான் வருகிறது. மாமன் மகள், அத்தை மகன் கட்டுகிற பழக்கம் நம்மிடமும் உண்டு அல்லவா. பழக்கத்தைக் குறை சொல்லவில்லை, என் பெற்றோரும் சொந்தத்தில் கட்டியவர்கள்தான். இப்படிக் கை உள்ள குடும்பம் என்றால் கட்டுவதற்கு முன் எந்த இனம் என்று கேட்டுவிடுவது நல்லது, அவ்வளவுதான்.

இதயத்தோடு சேர்ந்து வருவதற்கு கிரேக்க நாட்டு நாக்சோஸ் தீவின் பெயர். அதில் முடியும் கம்பளி மாதிரிச் சுருண்டிருக்கும், தாதி அம்மா முடியைப் பற்றிக் கேட்டது அதனால்தான்.


மல்லிகை (கெடா):

அக்கா, எனக்கு 29 வயது. எனக்கு இருக்கிறது, அம்மாவிடமிருந்து வந்தது. உங்கள் மகளுக்காகத்தான் எழுதுகிறேன்.

கோலை அலமாரியில் வைத்த இடத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். நான் பரதம் விட்டது பத்து வயதில். அப்போது யாராவது அம்மாவிடம், நீ பேசாமல் இருக்காதே, வகுப்பு ஆசிரியையிடம் போய் இது ஒட்டாது என்று நேராகச் சொல் என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் போங்கள் அக்கா. முடிந்தால் அந்தப் பிள்ளையின் அம்மாவையும் பாருங்கள், சண்டைக்கு இல்லை, உங்கள் கையைக் காட்டுங்கள். இத்தனை வருஷம் அந்தக் கையைப் பிடித்து வளர்த்த உங்களுக்கு வரவில்லையே, அதைவிட என்ன சாட்சி வேண்டும்.

அப்புறம் மாத்திரை விஷயம். அசிட்ரெட்டின் என்று ஒன்று கொடுப்பார்கள், நான் இருபது வயதில் சாப்பிட்டேன். தடிப்பு நன்றாக இறங்கியது, ஆனால் கீழே இருந்த தோல் பச்சைப்பிள்ளைத் தோல் மாதிரி ஆகி நடக்கவே முடியவில்லை, எனக்கு இருக்கிற வகைத் தடிப்புக்கு அப்படி ஆவது உண்டு என்று பிறகு சொன்னார்கள். அளவைக் குறைத்து, அப்புறம் நிறுத்திவிட்டேன். பெண்பிள்ளைகளுக்கு அது யோசித்துக் கொடுக்க வேண்டிய மருந்து. வயிற்றில் இருக்கிற பிள்ளையைக் கடுமையாகப் பாதிக்கும், நிறுத்திய பிறகும் மூன்று வருஷம் பிள்ளை உண்டாகக் கூடாது. ஈரல், கொழுப்பு இரண்டுக்கும் ரத்தம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் மகள் பெரியவளாகிற வயது. யாராவது எழுதிக்கொடுத்தால் இதையெல்லாம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. பெண் பார்க்க வந்தபோது நான்தான் கையை நீட்டிக் காட்டினேன், அம்மா வேண்டாம் என்று தடுத்தும். பிறகு இரண்டு பேரும் கோலாலம்பூர் போய் மரபணு ஆலோசனை கேட்டோம், ரத்தம் எடுத்து எந்த இடத்தில் பிழை என்று சொன்னார்கள். பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். வந்தால் எனக்குத் தெரிந்த அத்தனையும் முதல் நாளிலிருந்தே அதற்குக் கிடைக்கும், எனக்கு அது கிடைக்கவில்லை.


செம்பனை ஓரம்:

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுத முடியவில்லை, வீட்டில் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

தாதி அம்மா கேட்டதற்கு: பல் நன்றாக இருக்கிறது, பால்பல் எல்லாம் காலத்தில்தான் விழுந்தது. காது, முடி சரி. மாமியாரிடம் கேட்டதில் திடீரென்று போனவர்கள் யாரும் இல்லை, ஆனால் ஒரு புது விஷயம் சொன்னார். மாமனாரின் அக்காவுக்கும் இருந்ததாம், அவர் மரம் வெட்டவே போகவில்லை, ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். எல்லாருக்கும் அது தெரிந்திருந்தும் யாரும் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் காலில் விரல் இடுக்கு நீங்கள் சொன்ன மாதிரியே வெள்ளையாக ஊறியிருக்கிறது. பல வருஷமாக அரிக்கிறதாம், இது இந்தக் காலோடு வருவது என்று விட்டுவிட்டாராம். புதன்கிழமை அவர் விடுப்பு எடுத்து இரண்டு பேரையும் கிளினிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா மகள் கையையும் அவர் கையையும் மேஜைமேல் சேர்த்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தார், அந்தச் சிவப்பு ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஈப்போவுக்கு சூராட் கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் 14-ஆம் தேதி. ரேகைக்குக் கடிதமும் அங்கேயே கேட்கச் சொன்னார். வீட்டுக்காரருக்குப் பூஞ்சை மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

ஆசிரியையைப் பார்த்தேன். அவருக்கு நடந்ததே தெரியாது. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் இன்னும் போகவில்லை, மல்லிகை, போவேன்.

நாலு நாளாக ராத்திரி தண்ணீரில் ஊற வைக்கிறோம். அப்பாவும் மகளும் ஒரே பேசினில் கால் விட்டுக்கொண்டு உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள். நேற்று கல்லால் தேய்த்து முடித்த பிறகு அவளே பெருவிரலை விளக்குக்கு நேரே பிடித்து, "அம்மா, இங்கே பாருங்க, கோடு தெரியுது" என்றாள். நுனிக்குக் கொஞ்சம் கீழே, ஓரமாக, மங்கலாக நாலைந்து வளையம்.

இங்கே மருந்துக் கடையில் 10 சதவீத யூரியா கிரீம்தான் இருக்கிறது. டாக்டரம்மா இப்போதைக்கு 20 போடச் சொன்னார். ஈப்போ டவுனில் எந்தப் பக்கம் கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்.